பெயர்ப் பட்டியலுக்கு மூன்றாவது பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் பெண்குழந்தைகளுக்கான பெயர்களும் அவற்றின் பொருளும் தொடர்ந்து வருகின்றன. அவற்றை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டு பெயர் தேடும் குடும்பங்கள் பல. பெயர், பொருள் என்று இரண்டு பத்தியாக இருக்கும் அந்தப் பட்டியலில், பெயரை எப்படிச் சொல்வது என்று மூன்றாவதாக ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்று கேட்டுத்தான் இந்தக் கடிதம். பொருளை ஒரு தடவை தெரிந்துகொண்டால் போதும். பெயரையோ அந்தப் பெண்ணின் ஆயுள் முழுக்க ஊரே சொல்லப்போகிறது.

தமிழை எழுதியபடியே படிக்கலாமே, இதற்குத் தனியாகக் குறிப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தமிழ்ப் பெயராக இருந்து, எழுத்தும் பிழையில்லாமல் அச்சாகியிருந்தால் அது பெரும்பாலும் சரிதான். ஒலி நழுவுவது இரண்டு இடங்களில். வடமொழிப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒன்று. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போது மற்றொன்று. இவை போக, தமிழ்ப் பெயர்களிலேயே நாக்குக்குப் பழக்கம் வேண்டிய சில எழுத்துகள் இருக்கின்றன. அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

இப்போது அதிகம் விரும்பப்படும் பெயர்களை எடுத்துப் பாருங்கள்: யாழினி, கயல்விழி, கனிமொழி, மகிழினி, பூங்குழலி, எழிலரசி, தமிழினி. எல்லாவற்றிலும் ழ. ஆசையாக வைத்துவிட்டு, வீட்டிலேயே பாதிப் பேர் 'யாளினி' என்று கூப்பிடுகிறார்கள். ல, ள, ழ மூன்றுக்கும் நாக்கு நிற்கும் இடம் வேறு. லகரத்துக்கு நாக்கின் நுனி மேல்பல் வரிசைக்குப் பின்னால் ஈறைத் தொட வேண்டும். ளகரத்துக்கு நுனி பின்னோக்கி வளைந்து, அதன் அடிப்பக்கம் மேலண்ணத்தைத் தொட வேண்டும். ழகரத்துக்கும் அதே வளைவுதான். ஆனால் நுனி அண்ணத்தின் அருகில் வரைக்கும் போகுமே தவிர ஒட்டாது. காற்று நாக்கின் நடுவழியே நழுவி வெளியேறும். தொல்காப்பியத்தின் பிறப்பியல், ழகரத்தை ல, ள இரண்டோடும் சேர்க்காமல் ரகரத்தோடு சேர்த்து, நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பது என்று சொல்கிறது. இதை விடத் தெளிவாகச் சொல்வது கடினம். 'சிறப்பு லகரம்' என்று பேச்சுக்குச் சொல்லிக்கொள்ளலாமே ஒழிய, ழகரம் லகரத்தின் வகை அல்ல.

சரியாக வருகிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. 'மலர்விழி' என்று சொல்லத் தொடங்கி, ழ் வருமிடத்தில் நாக்கை அசைக்காமல் நிறுத்துங்கள். அப்படியே மூச்சை வாய் வழியாக உள்ளே இழுங்கள். குளிர்ச்சி நாக்கின் நடுவில் பட்டால் அது ழ. நாக்கின் இரு ஓரங்களிலும் பட்டால் நுனி அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வந்தது ள. நாக்கு வளையாமல் தட்டையாகவே இருந்தால் 'விய்யி' போல யகரம் கலந்து வரும். ஒட்டினால் நுனியைச் சற்று இறக்க வேண்டும். யகரமானால் நுனியை இன்னும் பின்னால் கொண்டுபோக வேண்டும். உதட்டைக் குவிக்க வேண்டியதில்லை. குவித்தால் ஒலி மங்கும்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. மேடையில் பெயரை அறிவிப்பவர்கள் அழுத்தம் கொடுக்க நினைத்து 'தமிழ்ழினி', 'யாழ்ழினி' என்று ழகரத்தை இரட்டித்துவிடுகிறார்கள். தமிழில் ரகரமும் ழகரமும் இரட்டிப்பதில்லை. ஒரு ழ போதும், அதையும் நீட்டாமல் சொன்னால் போதும்.

தென் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ழ பெரும்பாலும் ளவாகிறது. வட மாவட்டங்களில் சில இடங்களில் யவாகிறது. அது அந்தந்த மண்ணின் பேச்சு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பெயரைத் தேர்வு செய்கிறவர்கள், தாத்தா பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை அதை எப்படிச் சொல்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டுப் பார்க்க வேண்டும். 'மலர்விளி' என்று காதில் விழுந்தால் பரவாயில்லை என்று தோன்றினால் வையுங்கள். 'எளிலரசி' காதை உறுத்துமானால், ழகரம் இல்லாத நல்ல பெயர்களுக்குத் தமிழில் பஞ்சமே இல்லை: ஆதிரை, தாமரை, நிலா, அமுதா, இசை, கோதை, மாதவி, மணிமேகலை. குழந்தை தன் பெயரையே 'யாயினி' என்று சொன்னால் பதற வேண்டாம். ழவும் றவும் குழந்தைகளின் நாவுக்குக் கடைசியாக வசப்படும் ஒலிகளில் சேர்ந்தவை. பெரியவர்கள் அந்த மழலையைத் திருப்பிச் சொல்லிக் கொஞ்சாமல், தாங்கள் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும்.

அடுத்து மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, தந்நகரமாகிய ந. ணகரத்துக்கு நாக்கு ளகரத்தைப் போல வளைந்து அண்ணத்தைத் தொடும். னகரத்துக்கு நுனி ஈறைத் தொடும். நகரத்துக்குப் பல்லையே தொடும். வெண்ணிலாவை 'வென்னிலா' என்றும், வெண்பாவை 'வென்பா' என்றும் பட்டியல்களில் அச்சிடுகிறார்கள். படிப்பவர் அப்படியேதான் சொல்வார். வாணி, வேணி, பூரணி, கண்மணி, அருணா எல்லாவற்றிலும் மூன்று சுழி. யாழினி, மேனகா, மதிவதனி, ஜனனி ஆகியவற்றில் இரண்டு சுழி. தமிழில் எந்தச் சொல்லும் ன, ண, ள, ழ, ற ஆகியவற்றில் தொடங்காது. ஆகவே 'னித்யா', 'னிலா' என்று கண்டால் அது தட்டச்சுப் பிழை என்று உடனே முடிவுகட்டிவிடலாம். இரண்டு சொல் சேர்ந்த பெயரில் பின்சொல் ந-வில் தொடங்கினால் நடுவிலும் ந தான் நிற்கும்: இளநிலா, கவிநயா. இதை 'இளனிலா' என்று மாற்றக்கூடாது.

ர, ற வேறுபாடு கன்னியாகுமரிப் பக்கம் இன்னும் காதில் விழுகிறது. மற்ற இடங்களில் தனி எழுத்தாக வரும்போது ஏறக்குறைய மறைந்துவிட்டது. நறுமுகையில் வருவது வல்லின று, நாக்கின் நுனி சற்று அழுத்தமாக அதிர வேண்டும் என்பதை மட்டும் குறித்தால் போதும். ஆனால் ற்ற, ன்ற இரண்டும் அப்படி மறைந்துவிடவில்லை. கொற்றவை, வெற்றிச்செல்வி என்னும்போது தமிழகத்தில் ற்றவின் முடிவில் மெல்லிய ரகரம் கலக்கும். யாழ்ப்பாணத்தார் ரகரம் கலக்காமல், ஈறில் நாக்கை அழுத்தி, டகரத்துக்கும் தகரத்துக்கும் இடைப்பட்ட ஒலியாகச் சொல்வார்கள். இரண்டுமே சரி. பேச்சு வேகத்தில் 'வெத்திச்செல்வி' என்று தகரமாவதைத்தான் பெயரில் தவிர்க்க வேண்டும். தென்றலில் ன், ற சேரும்போது நடுவில் ஒரு டகரச் சாயல் பிறக்கும். அது இல்லாமல் 'தென்-ரல்' என்று பிரித்துப் படிப்பது பிழை.

இனி வல்லினம். க, ச, ட, த, ப ஐந்துக்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறும் என்பது தமிழருக்கு அனிச்சையாக வரும். ஆனாலும் பெயர்ப் பட்டியலில் அதுவே பெரிய குழப்பம். சொல் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாக ஒலிக்கும். மெல்லெழுத்தின் பின்னும், இரண்டு உயிருக்கு நடுவிலும் மெலியும். இதை நினைவில் வைக்க மூன்று சொற்கள் போதும்: குங்குமம், தந்தை, பம்பரம். குங்குமத்தில் முதல் கு வன்மை, இரண்டாவது கு மென்மை. தந்தையில் முதல் த வன்மை, அடுத்தது மென்மை. பம்பரத்தில் முதல் ப வன்மை, அடுத்தது மென்மை. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்த்தால், மென்மையான எழுத்தில் அதிர்வு எழுத்தோடு சேர்ந்தே தொடங்குவது தெரியும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இந்த விதியை மீற வேண்டிய தேவையே வராது. பூங்கொடி என்று ங் போட்டு எழுதினால் கொ மெலியும். கயல்விழியில் க முதலில் நிற்பதால் வன்மை. நறுமுகையில் கை நடுவில் இருப்பதால் மென்மை. ஒற்று விடுபட்டால்தான் ஒலி கெடுகிறது. கலைச்செல்வி, தமிழ்ச்செல்வி என்று ச் இருந்தால், பச்சையில் வரும் சகரம். 'கலைசெல்வி', 'தமிழ்செல்வி' என்று அச்சடித்தால், பசியில் வரும் சகரம். இரண்டும் வேறு வேறு பெயராகக் கேட்கும். பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் பள்ளிச் சான்றிதழில் மற்றொன்றுமாகப் பதிவானால் பிறகு தொல்லைதான். அங்கயற்கண்ணி, பொற்கொடி போன்றவற்றில் ற் என்பதை விழுங்காமல், கயல், பொன் என்ற சொற்கள் புணர்ந்து வந்தவை என்று தெரிந்து, ற்-இல் ஒரு நொடி நிறுத்திக் கண்ணியையும் கொடியையும் வன்மையாக எடுக்க வேண்டும்.

வடமொழிப் பெயர்களுக்கு வருவோம். தமிழ் எழுத்தில் முதலெழுத்து வன்மையா மென்மையா என்று காட்ட வழியில்லை. காவ்யாவுக்கும் காயத்ரிக்கும் ஒரே கா. முன்னது குங்குமத்தின் முதல் ககரம், பின்னது இரண்டாவது. கீர்த்தனா வன்மை, கீதா மென்மை. கௌசல்யா வன்மை, கௌரியும் கௌதமியும் மென்மை. கோமளா வன்மை, கோமதி மென்மை. பார்வதி, பவித்ரா, பல்லவி, பூர்ணிமா வன்மை. பாரதி, பவானி, பானு, பூமிகா மென்மை. பாவனியும் பாவனாவும் ஓரெழுத்து வித்தியாசத்தில் எதிரெதிர்த் திசை: பாவனி வன்மை, பாவனா மென்மை. தாரா வன்மை, தீபா, தேவி, துர்கா, தமயந்தி மென்மை. தாரிணி என்ற பெயர் இரண்டு விதமாகவும் உண்டு. தந்தையின் முதல் தகரமாகச் சொன்னால் கரையேற்றிக் காப்பவள், இரண்டாவது தகரமாகச் சொன்னால் தாங்குபவள். தரணியும் அப்படியே: வன்மையானால் சூரியன், மென்மையானால் பூமி. பட்டியலில் பொருளை மட்டும் போட்டுவிட்டு ஒலியைச் சொல்லாமல் விட்டால், பூமி என்று நினைத்து வைத்த பெயரைச் சூரியனாகக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.

சகரத்திலும் இதே கதை. சந்திரா, சித்ரா, சாருமதி ஆகியவை மூலத்தில் பச்சையின் சகரம். சந்தியா, சுமதி, சரஸ்வதி பசியின் சகரம். சாந்தி, சுருதி, சாலினி முதலியவை மூலத்தில் ஷகரத்தை ஒட்டிய வேறொரு ஒலி. தமிழில் எல்லாரும் பசியின் சகரமாகவே சொல்கிறோம், அதில் தவறில்லை. வாயில் இயல்பாக வருகிறபடி சொல்லவும் ஒரு குடும்பத்துக்கு உரிமை உண்டு. பாரதியைப் பம்பரத்தின் முதல் பகரமாகச் சொல்லும் வீடுகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. எப்படிச் சொன்னாலும், வீட்டில் எல்லாரும் ஒரே விதமாகச் சொல்வது என்று குழந்தை பிறந்த முதல் மாதத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

சொல்லின் நடுவே வரும் வடமொழி வல்லினத்தைத் தமிழ்நாக்கு தானாக மெலித்துவிடும். ராதிகா, அம்பிகா, ரேணுகா ஆகியவற்றின் காவும், தீபா, ரூபா ஆகியவற்றின் பாவும் மூலத்தில் வன்மை, நம் வாயில் மென்மை. பெங்களூரிலோ மும்பையிலோ வளரப்போகும் குழந்தைக்கு இந்தப் பெயர்களை வைப்பவர்கள், அங்குள்ளவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள் என்பதை எதிர்பார்த்திருப்பது நல்லது. 'பிரக்ஞா' என்ற பெயர் இதைவிட அதிகமாக அலையும். வடக்கே அதன் நடுவில் ககரமும் யகரமும் கலந்து கேட்கும், தெற்கே ஞகரம் கேட்கும். ஹரிணியின் ஹகரத்தை விழுங்கினால் அரிணி, அக்ஷயாவை எளிதாக்கினால் அட்சயா. இவற்றில் எது வேண்டும் என்பதை எழுத்திலேயே தீர்த்துவிடலாம். அட்சயா என்று சொல்லப்போகும் வீட்டில் அட்சயா என்றே எழுதலாம்.

பிறந்த நட்சத்திரத்தின் பாதத்துக்கு, அதாவது அதன் நான்கில் ஒரு பகுதிக்கு, உரிய முதலெழுத்து பார்த்துப் பெயர் வைப்பவர்களுக்கு இந்த வன்மை மென்மை இன்னும் முக்கியம். ஆனால் தமிழில் அச்சாகும் அட்டவணைகள் இதைச் சொல்வதே இல்லை. வழக்கமான அட்டவணைப்படி மிருகசீரிடம் மூன்றாம் பாதத்துக்கும் கா, அவிட்டம் முதல் பாதத்துக்கும் கா. மூலத்தில் மிருகசீரிடத்துக்கு வன்மையான கா, அவிட்டத்துக்கு மென்மையான கா. எனவே காவ்யா மிருகசீரிடத்துக்குச் சேரும், காயத்ரி அவிட்டத்துக்குச் சேரும். புனர்பூசம் இரண்டாம் பாதத்தின் கோ வன்மை, அதற்குக் கோமளா. சதயம் முதல் பாதத்தின் கோ மென்மை, அதற்குக் கோமதி. உத்திரம் மூன்றாம் பாதத்துப் பா பார்வதிக்கு உரியது, மூலம் மூன்றாம் பாதத்துப் பா பாரதிக்கு. சுவாதி நான்காம் பாதத்துத் தா தாராவுக்கு, பூரட்டாதி மூன்றாம் பாதத்துத் தா தாமினிக்கு. அசுவினிக்குரிய சு, சே, சோ மூன்றும் பச்சையின் சகரம். சுமதி என்று பெயர் வைத்தால் அது சதயத்தின் எழுத்தாகிவிடுகிறது. ஆயில்யம் நான்கு பாதத்துக்கும், பூரத்தின் கடைசி மூன்று பாதத்துக்கும், உத்திரத்தின் முதல் இரண்டு பாதத்துக்கும் டகர வரிசையே வருகிறது. டகரத்தில் தொடங்கும் பெயர் தமிழில் கிடையாது. அங்கே தகரத்தில் பெயரைப் போட்டுக்கொள்ளச் சொல்வது வெறும் சமாளிப்பு. இந்த வழக்கத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் ஒலியைப் பார்க்க வேண்டும். நம்பிக்கை இல்லாதவர்கள் எழுத்தையே விட்டுவிட்டுப் பிடித்த பெயரை வைக்கலாம். எழுத்து மட்டும் பொருந்தினால் போதும் என்பது இரண்டிலும் சேராது.

ஆங்கில எழுத்துக்கோவையில் தொடங்கும் குழப்பம் பிறப்புச் சான்றிதழிலிருந்து கடவுச்சீட்டு வரை தொடர்கிறது. ழகரத்துக்கு இசட், எச் சேர்த்து எழுதுவது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் எல்லாருக்கும் புரியும். சீனரோடு கலந்து வாழும் சிங்கப்பூர், மலேசியாவில் அந்த இரண்டெழுத்தைச் சீன முறைப்படி ஜகரத்தை ஒட்டிப் படிப்பார்கள். யாழினி அங்கே 'யாஜினி' ஆகிவிடுவாள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இசட்டுக்கு ஸகரம் போன்ற ஒலியைக் கொடுப்பார்கள். எல் மட்டும் போட்டு எழுதினால் யாரும் திணறமாட்டார்கள், ஆனால் ழ போய்விடும். 'தமிழ்' என்ற சொல்லையே ஆங்கிலத்தில் எல் போட்டுத்தான் உலகம் எழுதுகிறது. எங்கே வளரும் குழந்தை என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். எழுத்தின் அடியில் கோடு, மேலே புள்ளி என்று அறிஞர்கள் குறிப்பதெல்லாம் கடவுச்சீட்டில் எடுபடாது. அதில் இயந்திரம் படிக்கும் வரியில் ஏ முதல் இசட் வரையிலான 26 எழுத்துகளுக்கு மட்டுமே இடம்.

தகரத்துக்கு டீயின் 'டி'யோடு எச் சேர்ப்பது நம் வழக்கம். லதா, கவிதா, கீதா எல்லாம் இப்படித்தான். வடக்கே எச் இல்லாமல் எழுதுவார்கள். எச்சை விட்டுவிட்டால் தமிழ்நாட்டு அலுவலகங்களில் டகரமாகப் படித்து 'கவிடா' என்று தமிழில் ஏற்றிவிடுவார்கள். மென்மையான தகரத்துக்கு டெல்லியின் 'டி'யோடு எச் சேர்த்தால் ஓரளவு சரியாகப் படிப்பார்கள். தென்றலுக்கும் இந்த டெல்லியின் 'டி'யை என்னுக்கும் ஆருக்கும் நடுவில் போடுவது நல்லது.

குறில் நெடில்தான் மிகவும் கவனிக்க வேண்டியது. ஆதிரையை ஆங்கிலத்தில் ஒற்றை ஏ போட்டு எழுதினால், திரும்பத் தமிழில் வரும்போது 'அதிரை' ஆகும். அது அதிராம்பட்டினத்தின் செல்லப்பெயர். ஆகவே முதலில் ஏ இரண்டு. நிலாவுக்கு ஐ ஒன்று. ஈ இரண்டு போட்டால் நீலா. தேன்மொழிக்கு வழியே இல்லை. ஒரு ஈ போட்டால் 'தென்மொழி' என்று படிப்பார்கள், இரண்டு போட்டால் 'தீன்மொழி' என்பார்கள். ஏகாரமும் ஓகாரமும் உள்ள பெயர்களுக்கு ஆங்கிலத்தில் நெடிலைக் காட்ட முடியாது என்று தெரிந்தே வைக்க வேண்டும். ஆதிரை, தாமரை, கோதை என்று ஐகாரத்தில் முடிபவற்றில் கடைசி ஐ தன் இரண்டு மாத்திரையிலிருந்து குறைந்து ஒலிக்கும். அதை 'ஆதிராய்' என்று நீட்டிப் படிக்கக்கூடாது.

2020 ஜூனில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றித் தமிழ்நாடு அரசு ஆணை வெளியிட்டதும், எழுத்துக்கோவை பற்றி எழுந்த விமர்சனத்தால் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஊருக்கே ஒத்துக்கொண்ட முறை ஒன்று இல்லாதபோது, பெயருக்கான முறையைக் குடும்பம்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. எண் சோதிடத்துக்காக நடுவில் ஒரு எச், கடைசியில் ஒரு ஏ என்று கூட்டுவதை நான் அழுத்தமாக எதிர்க்கிறேன். எழுத்தைக் கூட்டினால் ஒலியும் கூடும். ஆங்கில 'என்' எழுத்தை இரட்டித்தால் யாழினி 'யாழின்னி' ஆவாள். அதைப் பார்த்துத் தமிழில் ஏற்றும் கணினியும் அப்படியே ஏற்றும்.

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பதால் பெயரையும் அவசரமாக முடிவு செய்கிறார்கள். அது தேவையில்லை. பெயர் இல்லாமலே பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க இடமுண்டு. சேர்த்த பெயரைத் திருத்துவதுதான் கடினம். 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, ஆதார் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான ஆதாரம் பிறப்புச் சான்றிதழே. அதனால் அதில் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள இரண்டு வடிவத்தையும் எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். ஆதார் எடுக்கும்போது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ததும் தமிழ் வடிவம் தானாகத் திரையில் வரும். ணன, லளழ, குறில் நெடில் மூன்றும் அங்கேதான் மாறுகின்றன. ஒப்புதல் கொடுக்கும் முன் திரையைக் காட்டச் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும்.

முடிவு செய்யும் முன் செய்யக்கூடியது இதுதான். பெயரைத் தமிழில் எழுதி, வெவ்வேறு ஊரைச் சேர்ந்த மூன்று பேரிடம் எதுவும் சொல்லாமல் படிக்கக் கொடுங்கள். ஆங்கிலத்தில் எழுதித் தமிழ் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். பிறகு தூரத்திலிருந்து கூப்பிடுவதைப் போல உரக்கச் சொல்லிப் பாருங்கள். கூப்பிடும்போது கடைசி உயிர் நீளும்: யாழினீ, அமுதாஆ. மெய்யில் முடியும் எழில், தென்றல், மகிழ் போன்றவற்றோடு ஒரு உகரம் ஒட்டிக்கொண்டு 'எழிலு', 'தென்றலு' ஆகும். அதுவும் பிடித்திருக்க வேண்டும். தலைப்பெழுத்தோடு சேர்த்தும் சொல்லிப் பார்ப்பது நல்லது. 'ஏ' என்ற தலைப்பெழுத்தை அடுத்து உயிரில் தொடங்கும் ஆதிரை வந்தால் நடுவே யகரம் நுழைந்து 'ஏயாதிரை' என்று ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாவது பத்திக்கு அதிக இடம் வேண்டாம், பெயருக்கு ஒரு வரி போதும். எடுத்துக்காட்டாக மூன்றைத் தருகிறேன்.

யாழினி: யா நெடில். ழி சொல்லும்போது நாக்கு வளையும், அண்ணத்தைத் தொடாது, இரட்டிக்காது. னி இரண்டு சுழி.

கோமதி: கோ, குங்குமத்தின் இரண்டாவது ககரம். தி, தந்தையின் இரண்டாவது தகரம்.

தாரிணி: காப்பவள் என்ற பொருளுக்குத் தந்தையின் முதல் தகரம், தாங்குபவள் என்ற பொருளுக்கு இரண்டாவது தகரம். ணி மூன்று சுழி.

பட்டியலின் தலையில் குங்குமம், தந்தை, பம்பரம், பச்சை, பசி என்ற ஐந்து சொற்களையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிட்டுவிட்டால், கீழே உள்ள எல்லாப் பெயருக்கும் அதுவே போதும். அச்சுக்குப் போகும் முன் ண, ன, ழ, ள, ஒற்று ஆகியவற்றுக்காக மட்டும் பட்டியலை ஒருமுறை தனியாக மெய்ப்புப் பார்க்கவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்